மொறிஸ் மைனருக்கு எந்தப் பிளக் பொருந்தும்: யாழ்ப்பாண ஓட்டத்தில் கண்டது

என்னுடைய பழைய கார் மொறிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின் உள்ளது. சாம்பியன், பொஷ், என்ஜிகே என்ற கம்பனிகளின் ஸ்பார்க் பிளக் எல்லாம் வருடக்கணக்கில் மாறி மாறிப் போட்டு ஓடியாயிற்று. இப்போது அதில் இருப்பது என்ஜிகே பிபி5இஎஸ். பழைய கார் வைத்திருக்கும் பலர் “ஏன் 6 போடவில்லை, ஏன் இரிடியம் போடவில்லை” என்று கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரோடு வந்த கைநூலில் சாம்பியன் என்5, பொறி பாயும் முனைகளின் இடைவெளி 0.025 அங்குலம் என்று இருக்கும். அந்த என்5 இன்று கடைகளில் அரிது. அதற்குப் பதிலாகத் தருவது என்9ஒய்சி. என்ஜிகேயில் அதற்கு இணை பிபி6இஎஸ், பொஷ்ஷில் டபிள்யூ7டிசி. இங்கேதான் கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்தே குழம்புகிறார்கள். என்ஜிகேயில் இலக்கம் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது. பொஷ்ஷிலும் சாம்பியனிலும் இலக்கம் கூடினால் சூடானது. “6 இல்லை, 5 தரவா” என்று கேட்டால், எந்தக் கம்பனியின் 5 என்று முதலில் கேளுங்கள்.

சூடு, குளிர் என்பது பொறியின் பலம் அல்ல. எஞ்சினுக்குள் பிளக்கின் மூக்கு எவ்வளவு சூட்டைத் தக்கவைக்கிறது என்பதுதான் கணக்கு. ஏறத்தாழ 450 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 800ஐயும் தாண்டி ஏறினால், பொறி வருமுன்னரே பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

என் ஓட்டம் கோண்டாவிலிலிருந்து ரவுணுக்கும் சந்தைக்கும்தான். எஞ்சின் சூடேறும்போதே வந்த வேலை முடிந்துவிடும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின் கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 20 லீற்றர் என்றிருந்த காலத்தில் அந்தச் சிறு ஓட்டமும் குறைந்தது. அப்போது பிபி6இஎஸ் போட்டிருந்தேன். கழற்றினால் மூக்கெல்லாம் உலர்ந்த கரி, காலையில் சோக் இழுத்தால் ஒரு சிலிண்டர் பற்றாமல் தவறும். அதே பிளக்குகளோடு ஏ9இல் வவுனியா வரை போய் வந்து பார்த்தால் நான்கும் மாரி பிஸ்கற் நிறம். கலவையில் பெற்றோல் கூடியிருந்தால் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் கறுப்பாகவே இருந்திருக்கும். ஆகவே கலவையைத் தரும் காபரேற்றரைத் தொடாமல் பிளக்கில் ஒரு படி சூடாக்கி, பிபி5இஎஸ்ஸுக்கு மாறினேன். தவறுவது நின்றது. இன்றுவரை 92 ஒக்ரேன் பெற்றோலில் ஏற்றத்தில் அமத்தினாலும் தட்டும் சத்தம் இல்லை. கொழும்புக்கு அடிக்கடி ஓடுபவர் என்றால் 6ஐ விடவேண்டாம் என்பதே என் எண்ணம்.

கறுப்பு ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் கதை வேறு. அது ஓயில் மேலேறுவது. பிஸ்டன் றிங், வால்வ் கைட் பார்க்க வேண்டிய வேலை. சூடான பிளக் அதைச் சில மாதம் மறைக்கும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது, இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது குளிரில் ஆவியாகாது, பிளக்கை நனைத்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைக்கத் தெரிந்தது அப்படித்தான். அந்தக் கைப்பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பிளக்கைப் பார்த்து எஞ்சினின் நிலை சொல்லும் அண்ணைமார் இன்னும் எங்கள் கராச்சுகளில் இருக்கிறார்கள்.

வாங்கும்போது நூலின், அதாவது திருகுப் புரியின், நீளம் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு 19 மில்லிமீற்றர். என்ஜிகே குறியில் அது ‘இ’. ‘எச்’ என்றால் 12.7. இரண்டும் 14 மில்லிமீற்றர் தடிப்பு என்பதால் குட்டையானதும் அழகாக ஏறிவிடும். ஆனால் பொறி குழிக்குள் ஒளிந்து நிற்கும், மிச்ச நூலில் கரி கட்டும், பிறகு சரியான பிளக் போகாது.

கார்ப் பாகக் கடையில் கிடைக்காவிட்டால், தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் விற்கும் கடைக்குப் போங்கள். ஹொண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களுக்குப் போடும் பிபிஆர்6இஎஸ்ஸுக்கும் நம்முடையதுக்கும் நூலும் நீளமும் ஒன்றே. நடுவில் உள்ள ‘ஆர்’, உள்ளே ரேடியோ இரைச்சலை அடக்கும் தடை இருப்பதைக் காட்டும். பழைய முறையில் பொயின்ற் (கொயிலுக்குப் போகும் மின்னை வெட்டும் தொடுமுனை) வைத்த எஞ்சினிலும் அது ஓடும். இடைவெளி 0.8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 0.63க்குக் குறையுங்கள். வளைப்பது பக்க முனையை மட்டும். நடுமுனையை நெம்பினால் பீங்கான் வெடிக்கும்.

பிளக்கைக் குறை சொல்லுமுன், அதற்கு உயர் வோல்ற்றேஜ் தரும் கொயிலைப் பாருங்கள். நண்பர் ஒருவரின் ஓஸ்ரின் கேம்பிறிட்ஜில் டைனமோவை எடுத்து ஓல்ற்றனேற்றர் பூட்டி, பொசிற்றிவ் ஏர்த்தை (பற்றரியின் பொசிற்றிவ் முனை கார் உடலோடு சேர்ந்திருப்பதை) நெகற்றிவ் ஆக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து காலையில் கிளம்பாது, எந்தப் பிளக் போட்டாலும் அதே பாடு. கழற்றிய பிளக்கில் நடுமுனை கூராகவே இருக்க, வளைந்த பக்க முனை குழிவிழுந்து தேய்ந்திருந்தது. அதுதான் அடையாளம். பொறி சூடான நடுமுனையிலிருந்து பாயவேண்டும். தலைகீழானால் கூடுதல் வோல்ற்றேஜ் தேவைப்படும். பழைய லூக்காஸ் கொயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்றிருந்த இரு சிறு வயர்களையும் இடம் மாற்றினோம். கார் கிளம்பிவிட்டது.

இரிடியம் நல்ல பொருள்தான். மெல்லிய முனை, குறைந்த வோல்ற்றேஜ், நீண்ட ஆயுள். ஆனால் கொஞ்சம் ஓயில் குடிக்கும் எஞ்சினில் அதுவும் கரிபடும், அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவும் கூடாது. ஆகவே சாதாரணப் பிளக்கையே நான் விரும்புகிறேன்.

போலி நிறைய உண்டு. ஒரு கடையில் எனக்குத் தந்ததில் வாஷர் விரலோடு கழன்று வந்தது. நல்ல என்ஜிகேயில் அது இறுக்கமாகப் பிடித்திருக்கும், நூல் வழவழப்பாக இருக்கும். புதிய பிளக்கைக் கையாலேயே கடைசிவரை ஏற்றி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் திருகினால் வாஷர் நசிந்து அமர்ந்துவிடும். பழையதைத் திரும்பப் பூட்டினால் அதில் கால்வாசிகூட வேண்டாம்.