கம்பம் பட்டறையும் 90 நம்பர் ஆயிலும்

ஊருக்கு வந்த இடத்தில் கல்யாணம், குலதெய்வம் கோயில், வங்கி வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை விடுங்கள். அப்பாவின் பழைய ஜீப்பில் பின் கிரவுனிலிருந்து, அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டியிலிருந்து, ஆயில் கசிந்ததே, அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் போனது ஏசி போட்ட சர்வீஸ் சென்டருக்கு. டை கட்டிய தம்பி வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சாதா ஆயில் போட்டதாலதான் லீக் சார். சிந்தெடிக் போட்டா நின்னுரும்." கியர் ஆயிலில் எந்தத் தரம், ஜிஎல்-4ஆ, ஜிஎல்-5ஆ என்று கேட்டேன். "பிரீமியம் சார்" என்றார். அடக் கடவுளே!

நான் இருக்கும் கனடா வின்னிபெக்கில் நானும் சிந்தெடிக் 75டபிள்யூ-90தான் ஊற்றுகிறேன். அங்கே ஜனவரிக் காலையில் மைனஸ் 30. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிருக்கான எண்: சாதா 80டபிள்யூ-90க்கு மைனஸ் 26 வரைதான் கணக்கு, 75க்கு மைனஸ் 40 வரை. பின்னால் நிற்கும் 90 சூடேறிய ஆயிலின் தடிமன், அது இரண்டுக்கும் ஒன்றுதான். கம்பத்தில் மார்கழிக்கு மப்ளர் கட்டுவோம், சரி. அதற்காக ஆயிலுமா உறைந்துவிடும்?

கடைசியில் வழக்கமான பட்டறைதான். மெக்கானிக் அண்ணன் கீழே படுத்தார், எழுந்தார். "பிரீதர், காத்து போற ஓட்டை, அடைச்சிருக்கு தம்பி. சூடான காத்து போக வழியில்லாம ஆயில் சீலைத் தள்ளுது." கம்பியால் குத்தி மண்ணை எடுத்தார், ஆயில் சீலை மாற்றினார். ஆயில் மாற்றும்போது முதலில் தளர்த்தியது புது ஆயில் ஊற்றும் மேல் நட்டை. "கீழ வடிச்சப்புறம் மேல வரமாட்டேன்னா, வண்டி எப்படி வீட்டுக்குப் போகும்?" இதை எனக்கு வெளிநாட்டில் எவனும் சொல்லித்தரவில்லை.

ஊற்றியது ஜிஎல்-5 சாதா ஆயில். கேனைத் திருப்பி எழுத்தைக் காட்டிவிட்டுத்தான் திறந்தார். "இத கியர்பாக்ஸ்ல ஊத்திராதீங்க, பித்தளை வளையத்தைத் தின்னுரும்." சிந்தெடிக் வேண்டாமா அண்ணே என்றேன். "குமுளி மலையில தினம் லோடு அடிக்கிற வண்டின்னா போடலாம், சூடு தாங்கும். அப்பா சந்தைக்குத்தான போறாரு? அந்தக் காசுக்கு நேரத்துக்கு மாத்துனாப் போதும்."

ஒன்றுதான் பொறுக்கவில்லை. பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, அதை வாங்கிக்கொள்ளும் டிப்போவில் கொடுத்துப் பழகியவன் நான். அண்ணன் அதைப் பிரஷ்ஷில் தொட்டுப் பின் ஸ்பிரிங் பட்டைகளில் பூசினார், மிச்சத்தை வேலியோரம் கொட்டினார். கந்தக நாற்றம் குடலைப் புரட்டியது. கேட்டால், "துரு ஏறாது தம்பி, தள்ளி நில்லுங்க, சட்டையில படும்" என்கிறார்!