தங்கச்சி பையனுக்காக ஊருக்குப் போயிட்டு வந்தேன்

ஷார்ஜால இருந்து 28 நாள் லீவுல தென்காசி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சி பையனுக்கு இப்ப 10 மாசம், லிஸ்ஸன்செஃபலின்னு மூளையில பிறவிக் குறை, லட்சத்துல ஒரு குழந்தைக்கு வர்றதுன்னு சொல்றாங்க. போன்ல கேட்டப்ப ஒண்ணும் விளங்கல, நேர்ல பார்த்ததுக்கு அப்புறந்தான் புரிஞ்சுது.

நாலாவது மாசத்துலயே பையன் தூங்கி முழிச்சதும் ரெண்டு கையையும் விரிச்சு தலைய முன்னாடி வெடுக் வெடுக்குன்னு குனிவானாம், வரிசையா பத்து பதினஞ்சு தடவ. புள்ள பயந்திருக்குன்னு ஆச்சி மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க. ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில காமிச்சதுக்கு கேஸ் ட்ரபிள்னு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க, அதுலயே ரெண்டு மாசம் போச்சு, இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. அது ஃபிட்ஸ்! கை கால் இழுத்து நுரை தள்ளுனாதான் ஃபிட்ஸ்னு இல்ல, கும்பிடு போடுற மாதிரி இப்படியும் வரும். யார் வீட்லயாவது பார்த்தா உடனே செல்லுல வீடியோ எடுத்து குழந்தைங்க நியூரோ டாக்டர்கிட்ட காட்டுங்க. இவனுக்கு அந்த வீடியோவப் பார்த்துட்டுதான் ஈஈஜி (மூளையோட மின் அலைய பார்க்கிற டெஸ்ட்), எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் எழுதுனாங்க.

நான் இருந்தப்ப திருநெல்வேலிக்கு செக்கப்புக்கு கூடப் போனேன். டாக்டர் ஸ்கேன் ஃபிலிம லைட்ல வச்சு, "மூளை பாகற்காய் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கணும், இவனுக்கு சுரைக்காய் மாதிரி வழவழன்னு இருக்கு பாருங்க"ன்னார். கர்ப்பத்துல மூணு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மூளை செல்லுங்க உள்ள பிறந்து வெளிப்பக்கமா நகர்ந்து போய் அதது இடத்துல உக்காரணுமாம், இவனுக்கு 17வது குரோமோசோம்ல இருக்கிற லிஸ்1 ஜீன் பழுதானதால பாதி வழியிலயே நின்னுட்டு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அந்தப் பழுது இல்ல, இவன்கிட்ட புதுசா வந்ததுன்னு டெஸ்ட்ல வந்திருக்குன்னு சொன்னதும் தங்கச்சி அங்கயே அழுதுட்டா. கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தா, பப்பாளி தின்னான்னு அவள பேசாத பேச்சில்ல. டிசிஎக்ஸ்னு வேற ஒரு ஜீனா இருந்தா அம்மா வழியா பையனுக்கு வரவும் வாய்ப்பிருக்கு, அதனால அடுத்த குழந்தைக்கு முன்னாடி எந்த ஜீன்னு கண்டிப்பா பார்த்துக்கோங்க.

மூளைய சரி பண்ற ஆபரேஷனோ மருந்தோ கிடையாது. ஃபிட்ஸக் குறைக்கலாம், உடம்பு இறுகாம பார்த்துக்கலாம், சாப்பாடு ஒழுங்கா உள்ள போக வைக்கலாம். அதுக்கு ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கிற அமர் சேவா சங்கத்துல இருந்து வீட்டுக்கே வர்றாங்க (கழுத்துக்குக் கீழ செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா 1981ல ஆரம்பிச்சது). தங்கச்சி மடியில மல்லாக்கப் போட்டு சங்குல ஊத்துவா, அவன் புரையேறி நீலமாயிடுவான். வந்த அக்கா பார்த்துட்டு, "படுக்க வச்சு குடுக்காதீங்கம்மா, நெஞ்சுக்குள்ள போயிதான் அடிக்கடி சளி பிடிக்குது"ன்னு சொல்லி, தலையணை முட்டுக் குடுத்து நிமிர்த்தி உக்கார வச்சு, தாடைய லேசா கீழ இறக்கி, கெட்டியா காய்ச்சுன ராகி கூழ கரண்டி நுனியில குடுத்தாங்க, ஒரு வாய் முழுங்கிட்டானான்னு பார்த்துட்டுதான் அடுத்த வாய். அரை டம்ளர் கூழுக்கு 40 நிமிஷம். ஒரு தடவ கூட புரையேறல.

பேப்பர் வேலையும் இருக்கு, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) முதல்ல எடுங்க, அத வச்சுதான் மாசம் 2000 ரூபா அரசு உதவித்தொகைக்கும் நிராமயாங்கிற மருத்துவ இன்சூரன்ஸுக்கும் எழுதிப் போட முடியும், நிராமயால வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கிடைக்கும். எங்களுக்கு கார்டு வந்துட்டு, உதவித்தொகை இன்னும் வரல.

இப்ப தினம் ராத்திரி வீடியோ கால்ல அவன் கூழ் குடிக்கிறத பார்த்துட்டுதான் தூங்குறேன், நேத்து 25 நிமிஷத்துல முடிச்சிட்டான்.