காரைக்குடியில் ஜேசிபி வாடகைக்கு எடுத்த அனுபவம்

செக்காலைப் பக்கம் பழைய வீட்டை இடித்த கல்லும் காரையும் அப்படியே கிடந்தன, கழிவுநீர்த் தொட்டிக்கும் குழி தோண்ட வேண்டும், அதனால் உள்ளூரில் ஒருவரிடம் ஜேசிபி சொன்னேன். ஒரே வண்டியில் இரண்டு வேலையும் முடிந்ததுதான் லாபம். முன்பக்க அகல பக்கெட்டால் இடிபாட்டை அள்ளி டிப்பரில் கொட்டிவிட்டு, டிரைவர் சீட்டைத் திருப்பிக்கொண்டு, வண்டியின் இரண்டு பக்கமும் உள்ள இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றி, பின்பக்கச் சின்ன பக்கெட்டால் பத்தடி தோண்டினார். செம்மண் பொலபொலவென்று வந்தது. செம்புறாங்கல் தட்டியதும் பக்கெட் பல் கரகரவென்று உரசியதுதான் மிச்சம், அங்கேயே முக்கால் மணி நேரம் போனது. அந்த மாதிரி இடத்துக்கு, கல்லைக் குத்தி உடைக்கும் பிரேக்கர் மாட்டிய வண்டிதான் சரி.

குறையும் உண்டு. மணிக்கணக்கு என்றவர் வண்டி வந்து போன நேரத்தையும் சேர்த்துவிட்டார். வண்டி வந்ததும், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தது. டிரைவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், குழாய் போகும் தடத்தை நான்தான் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அந்த வீட்டு ஆச்சி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி ஏழடிக்கு மேல் அகலம், எங்கள் சந்தில் திண்ணையை உரசாமல் நுழைந்ததே அதிசயம்.