எவோசூட்டா, ஜேக்விக்கா? ஜாவா யூனிட் டெஸ்ட்டுக்கு டேட்டா உருவாக்க எது சரி

பில்லிங் கோடுக்கு டெஸ்ட் டேட்டாவைக் கையால் எழுதி மாளாது என்றானதும் எவோசூட், ஜேக்விக் என்ற இரண்டு டெஸ்ட் கருவிகளையும் ஓட்டிப் பார்த்தோம். இப்போது தினமும் ஓடுவது ஜேக்விக்.

இரண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். எவோசூட்டிடம் கம்பைல் செய்த க்ளாஸைக் கொடுத்தால் போதும். எந்த கன்ஸ்ட்ரக்டர், எந்த மெத்தட், எந்த வரிசையில் அழைத்தால் இதுவரை தொடாத பிராஞ்சுக்குள் (இஃப்-எல்ஸ் போன்ற கிளைக்குள்) போகலாம் என்று ஜெனடிக் அல்காரிதம் (பரிணாமம் போல நல்லதைத் தேர்ந்து மாற்றிப் பார்க்கும் முறை) வைத்துத் தேடி, அசர்ஷனோடு (விடை இதுதானா என்று சரிபார்க்கும் வரியோடு) டெஸ்ட் ஃபைலையே எழுதித் தந்துவிடும். ஜேக்விக்கில் அந்த வசதி இல்லை. ஆப்ஜெக்டை எப்படி உருவாக்குவது, எந்த விதி எப்போதும் நிற்க வேண்டும் என்பதை நாம்தான் எழுத வேண்டும். நாம் மாற்றாதவரை ஒரு விதிக்கு 1000 முறை டேட்டாவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்.

தள்ளுபடியைப் பொருட்களுக்குப் பங்கிடும் மெத்தடை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் தலா 33.33, கூட்டினால் 99.99. எவோசூட் அந்த 33.33-ஐயே சரியான விடையாக அசர்ஷனில் எழுதிவிடும். கோடு இன்று செய்வதுதான் அதற்குக் கணக்கு. ஜேக்விக்கில் ‘பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத் தள்ளுபடிக்குச் சமம்’ என்று ஒரே விதி. அது தவறியதும், டேட்டாவைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு பொருள், ஒரு பைசா தள்ளுபடி என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அரைப் பைசா மேலே ரவுண்ட் ஆகி, ஆளுக்கு ஒரு பைசா, மொத்தம் இரண்டு. பிழை பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். இன்வாய்ஸ் கன்ஸ்ட்ரக்டரில் கரன்சி என்று ஒரு பாராமீட்டர் சேர்ந்தால், ஜேக்விக்கில் இன்வாய்ஸை உருவாக்கித் தரும் ஒரே மெத்தடைத் திருத்தினால் முடிந்தது. எவோசூட் எழுதிய டெஸ்ட்டுகளோ கூட்டமாக கம்பைல் ஆகாமல் நிற்கும். டெஸ்ட்00, டெஸ்ட்01 என்று பெயர், இன்வாய்ஸ்0 என்று வேரியபிள். எது எதற்கு என்று படித்துத் திருத்த யாருக்கும் பொறுமை வராது. சரி, மறுபடி ஜெனரேட் செய்யலாமே? செய்தால் புது அசர்ஷன்கள் புது கோடைப் பார்த்து எழுதப்படும். கன்ஸ்ட்ரக்டரை மாற்றும்போது புகுந்த பிழையும் சரியான விடையாக உள்ளே உட்கார்ந்துவிடும். பழைய நடத்தையைக் காவல் காக்கத்தானே அந்த டெஸ்ட்டே இருக்கிறது!

ஜேக்விக்கில் சிரமம் உண்டு. நல்ல விதி யோசிப்பது கஷ்டம். ஃபில்டர் போட்டு டேட்டாவைக் கழித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எக்செப்ஷன் வீசி நின்றுவிடும். செல்லுபடியாகும் ஆப்ஜெக்டை நேரடியாகக் கட்டுவதே மேல்.

ரான்டூப் என்று இன்னொரு டெஸ்ட் உருவாக்கும் கருவியும் இருக்கிறது. ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் ஒப்பந்தங்கள் (சமமான இரண்டு ஆப்ஜெக்டுக்கு ஒரே ஹேஷ்கோட் வர வேண்டும் என்பது போன்ற ஜாவா விதிகள்) மீறப்படுகின்றனவா என்று நாம் கேட்காமலே பார்க்கும். சிறிய லைப்ரரிகளில் மட்டுமே ஓட்டியிருப்பதால் பெரிய ப்ராஜெக்ட்டுக்கு அதைத் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன்.

டெஸ்ட்டே இல்லாத பழைய க்ளாஸைப் பிரித்து எழுதப் போகிறீர்களா? அங்கே எவோசூட்டைத் தாராளமாக ஓட்டுங்கள். வெளியிலிருந்து அழைக்கும் மெத்தடுகளை மாற்றாமல் உள்ளே திருத்துங்கள். வேலை முடிந்ததும் அந்த டெஸ்ட்டுகளை ரெப்போவில் விட்டுவைக்காதீர்கள்.