அண்ணன் தோட்டமா, தம்பி தோட்டமா?

கொழும்பிலிருந்து அளுத்கம பக்கம் குடும்பமாகப் போகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தோட்டம் பார்க்கத்தான் பொழுது இருக்கும். எது என்பதுதான் கேள்வி. பேருவளைக்கு உள்ளே பெவிஸ் பாவாவின் பிரீஃப் இருக்கிறது. பெந்தோட்டையில், தெத்துவ வாவியோரம் அவருடைய தம்பி ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்க. இரண்டுமே ஒரு காலத்தில் இறப்பர் தோட்டங்கள். எழுபதைத் தாண்டிய அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வெவ்வேறு விடுமுறைகளில் இரண்டுக்கும் போய்வந்தோம்.

பெயர் என்று பார்த்தால் தம்பிதான். கோட்டே நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர். ஆனால் 1948இல் லுணுகங்கவை வாங்கியபோது அவர் வழக்கறிஞர். தோட்டத்தில் கைவைத்த பிறகுதான் கட்டடக்கலை படிக்கப் போனார். 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்.

செதுக்கினார் என்று சும்மா சொல்லவில்லை. வீட்டு முற்றத்தில் நின்றால் எதிரே புல் ஏறிப் போகிறது, அதுதான் கறுவா மேடு. மேட்டில் ஒரு மரம், அதன் கீழே பழைய சீனத்து ஜாடி, அதற்கும் அப்பால் தூரத்தில் வெள்ளையாக ஒரு பௌத்தத் தாதுகோபம். இந்தக் காட்சி கிடைப்பதற்காக மேட்டின் தலையையே வெட்டிக் குறைத்திருக்கிறார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ சைக்கிள் மணி கேட்டது. பாதையைக் காணோம். வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே போகும் ஊர்ப்பாதையைப் பள்ளத்தில் இறக்கி மறைத்துவிட்டார் என்று வழிகாட்டி சொன்னபோது, மூத்தவன் விளிம்புவரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். ஈழத்தலரிக் கிளைகளில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வளைத்த கதையும் அவனுக்குப் பிடித்திருந்தது. சின்னவளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும், குறித்த நேரத்தில்தான் போக முடியும். அரை மணிக்குள் அவள் தோளில் ஏறிவிட்டாள். போதாததற்கு என் காலில் அட்டை. லுணுகங்க என்றால் சிங்களத்தில் உப்பு ஆறு. அந்தப் பெயருள்ள இடத்தில் அட்டைக்குப் போட ஒரு சிட்டிகை உப்பு எங்களிடம் இல்லை.

பிரீஃப் வேறு மாதிரி. தகப்பன் வழக்கறிஞர், ஒரு வழக்கில் கிடைத்த பணத்தில் வாங்கிய நிலம் என்பதால் வழக்குக் கட்டைக் குறிக்கும் 'பிரீஃப்' என்ற ஆங்கிலச் சொல்லே தோட்டத்துக்கும் பெயராக நிலைத்துவிட்டது. 1929இல் பெவிஸ் வேலையைத் தொடங்கியபோது தம்பிக்குப் பத்து வயது. பெவிஸ் ஆறடி ஏழங்குல உயரம், ஆளுநர்களுக்கு மெய்க்காவல் அதிகாரி. ஆனால் தோட்டத்தில் அந்த விறைப்பு துளியும் இல்லை. மூங்கில் நிழல், பாசி பிடித்த படிகள், சின்னச் சின்னக் குளங்கள், திரும்பும் இடமெல்லாம் ஒரு சிலை. பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள், யாரும் அதட்டவில்லை. சிலைகள் பலவற்றில் துணி கிடையாது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். அம்மா ஒன்றின் முன் நின்று, "வா பிள்ளை, அங்கால போவம்" என்று என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு வீட்டுக்குள் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு அவர்தான் அதிக நேரம் நின்றார். சில நாள் தங்க வந்து வருடக்கணக்கில் தங்கிவிட்ட ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்டின் சுவரோவியமும் அங்கே உண்டு. 1992இல் காலமான பெவிஸ், தோட்டத்தைத் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கே எழுதிவைத்தார்.

பராமரிப்பில் தம்பி தோட்டம் ஒரு படி மேல். பிரீஃபில் சில மூலைகள் காடேறிக் கிடக்கின்றன. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, மனைவிக்குத் தெரிந்தது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் பிரீஃபுக்குப் போங்கள். படிகள் வழுக்கும், பிடிமானமான செருப்பு வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அல்லது யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றால் லுணுகங்க. முன்கூட்டியே பதிந்துவிட்டு, மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அப்புறம், பையில் ஒரு பொட்டலம் உப்பு.