டஸ்கீகி பல்கலைக்கழக வளாகம்: எங்கே தொடங்கலாம், எதை விட்டுவிடக் கூடாது

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகி பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களில் பலர் வேளாண் அறிஞர் கார்வரின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு, புக்கர் டி. வாஷிங்டன் சிலை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது பாதிப் பயணம்கூட ஆகாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியவை சுவர்கள். பழைய கட்டடங்களின் செங்கற்களை மாணவர்களே அறுத்து, சுட்டு, அடுக்கிக் கட்டினார்கள். வரலாற்றுச் சிறப்புமிக்க கறுப்பினக் கல்லூரிகள் அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. ஆனால் மாணவர்களின் கையுழைப்பு இவ்வளவு கண்கூடாக நிற்கும் வளாகத்தைக் காண்பது அரிது.

செங்கல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தொடக்கக் கதை தெரிந்திருக்க வேண்டும். மாநில செனட்டுக்குப் போட்டியிட்ட ஒரு வெள்ளையர், கறுப்பினத்தவரின் வாக்குகளைத் திரட்டித் தரும்படி லூயிஸ் ஆடம்ஸிடம் கேட்டார். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, தகர வேலையில் பெயர் எடுத்தவர் ஆடம்ஸ். தனக்கென எதுவும் கேட்காமல், தன் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார். சட்டமன்றம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்தான். நிலத்துக்கோ கட்டடத்துக்கோ ஒரு காசு கிடையாது. பின்னாளில் இந்தப் பல்கலைக்கழகமான அந்தப் பள்ளியில் 1881 ஜூலை 4 அன்று 30 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியபோது, அதன் முதல்வர் புக்கர் டி. வாஷிங்டனுக்கு வயது 25. அடுத்த ஆண்டு, கைவிடப்பட்டுக் கிடந்த 100 ஏக்கர் தோட்டம் ஒன்றை வாங்கி அங்கே குடியேறினார்கள்.

கட்டடம் எழுப்பப் பணம் இல்லை, ஊரில் செங்கல் சூளையும் இல்லை. சூளை போட்டார்கள். முதல் முறை வேகவில்லை. இரண்டாம் முறையும் வீண். மூன்றாவது சூளை கிட்டத்தட்ட ஒரு வாரம் எரிந்து முடியும் தறுவாயில் சரிந்து விழுந்தது. சூளை போடுவதில் கஷ்டமான இடமே அதுதான். களிமண் பதமும் அச்சில் போடுவதும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். நாள்கணக்கில் தீயை ஒரே சீராக வைத்திருப்பதற்கு அனுபவசாலி வேண்டும். சூடு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் ஒரு பக்கக் கல் உருகி உப்பும், மறுபக்கக் கல் வேகாமல் உதிரும். கையில் பணம் தீர்ந்துபோக, வாஷிங்டன் தன் கடியாரத்தை மாண்ட்கமரியில் 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். அது நின்றது. கடியாரத்தை அவர் மீட்கவே இல்லை. 1900 வாக்கில், மாணவர்கள் ஒரே பருவத்தில் 12 லட்சம் கற்கள் செய்துகொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் இங்கேதான் வாங்கினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'தி ஓக்ஸ்' வீட்டுக்குப் போங்கள். வாஷிங்டன் குடும்பம் வாழ்ந்த வீடு. 1899-ல் மாணவர்கள் கட்டியது. உள்ளே போகும் முன் வெளிச்சுவரை ஒரு கை தூரத்தில் நின்று பாருங்கள். இந்த மாதிரிச் சூளையில் தீக்குப் பக்கத்தில் இருந்த கல் கருஞ்சிவப்பாகவும், தள்ளி இருந்தது வெளிறியும் வரும். சுவரில் நிறம் கல்லுக்குக் கல் மாறினால் அதற்குக் காரணம் இதுதான். கற்களைத் தொட்டுச் சுரண்ட வேண்டாம். நூறாண்டு தாண்டிய சாந்து.

வீட்டை வடிவமைத்தவர் ராபர்ட் ஆர். டெய்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1892-ல் படிப்பு முடித்த பிறகு இங்கே வந்து, வளாகத்தின் முக்கியக் கட்டடங்கள் பலவற்றை வரைந்தார். டஸ்கீகியின் பெயர்பெற்ற மாணவர் பட்டியலைச் சொல்பவர்கள் இவரை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் இவர் இங்கே மாணவர் அல்ல. என்னைக் கேட்டால் வாஷிங்டனுக்கு அடுத்த பெயர் இவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு நடைமுறை விஷயம். வளாகத்தில் ஓக்ஸ் வீடும் கார்வர் அருங்காட்சியகமும் தேசியப் பூங்கா சேவையின் பொறுப்பு. மற்றதெல்லாம் பல்கலைக்கழகத்துடையது. அதனால் பூங்கா ஊழியர்களின் வழிகாட்டல் இந்த இரண்டு கட்டடங்களோடு நின்றுவிடும். தேவாலயம், சிலை, கல்லறைகளை நீங்களே நடந்து பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓக்ஸ் வீட்டுக்குள் ஊழியர் அழைத்துப் போகும் நேரத்தில்தான் போக முடியும். பராமரிப்புக்காக மூடியிருப்பதும் உண்டு. திறந்திருக்கும் நாட்களைப் பூங்கா சேவையின் தளத்தில் அன்றைய நிலவரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இது பாடம் நடக்கும் வளாகம். விடுதிப் பக்கமோ வகுப்பறைப் பக்கமோ கேமராவோடு நுழைய வேண்டாம்.

கார்வர் அருங்காட்சியகம் முன்பு சலவைக்கூடமாக இருந்தது. 1941-ல் ஹென்றி ஃபோர்டு வந்து திறந்துவைத்தார். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று சொல்வார்கள். அது தவறு. அவர் செய்தது அதைவிடப் பெரிய காரியம். பருத்தி ஒன்றையே போட்டுப் போட்டுச் சத்திழந்த மண்ணில், தழைச்சத்தை மண்ணுக்குத் திருப்பித் தரும் கடலையையும் தட்டைப்பயறையும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். விளைந்ததை ஏழை விவசாயி என்ன செய்வான் என்ற கேள்விக்குத்தான் கடலையைச் சமைக்க 105 வழிகள் என்ற 1916-ஆம் ஆண்டுக் கையேடு. வாசிக்க நேரமில்லாதவர்களைத் தேடி 1906-ல் ஜெசப் வண்டி கிளம்பியது. கலப்பையும் விதையும் ஏற்றிக்கொண்டு குதிரை வண்டியில் வயலுக்கே போன பள்ளி அது. கார்வர் நல்ல ஓவியரும்கூட. 1947 தீயில் அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதில் ஏதாவது காட்சியில் இருந்தால் அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

தேவாலயம் தனியாக ஒரு மணி நேரம் கேட்கும். டெய்லர் கட்டிய பழைய தேவாலயம் 1957-ல் எரிந்துபோனது. பால் ருடால்ஃப் வடிவமைத்து 1969-ல் முடிந்தது இப்போதுள்ளது. மடிந்து மடிந்து போகும் சுவர்கள், வளைந்து தொங்கும் கூரை, ஓரத்திலிருந்து இறங்கும் வெளிச்சம். கறுப்பினப் பக்திப் பாடல்களைச் சித்திரிக்கும் 'பாடும் சாளரங்கள்' பழைய கட்டடத்தோடு அழிந்தன. இப்போது இருப்பவை மீண்டும் செய்தவை. பக்கத்திலேயே வாஷிங்டன், கார்வர் இருவரின் கல்லறைகளும் உள்ளன.

வாஷிங்டன் சிலையை 1922-ல் சார்லஸ் கெக் வடித்தார். உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் மேலிருந்து அறியாமைத் திரையை வாஷிங்டன் விலக்குகிறார். இங்கே இசை படித்து, பட்டம் வாங்காமலே போன எழுத்தாளர் ரால்ஃப் எலிசன், பின்னாளில் தன் நாவலில் இதுபோன்ற ஒரு சிலையை வைத்து, அந்தக் கை திரையை விலக்குகிறதா, இன்னும் இறுக்கிப் போர்த்துகிறதா என்று தடுமாறும் மாணவனை எழுதினார். வாஷிங்டனின் தொழிற்கல்விப் பாதையைப் பற்றி, அதை விமர்சித்த கறுப்பினச் சிந்தனையாளர் டியு பாய்ஸ் தொடங்கி நடந்த நீண்ட விவாதம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. சிலையை நேர் எதிரில் நின்றும், பக்கவாட்டில் நின்றும் பாருங்கள்.

படித்துப் போனவர்களில் இன்னும் சிலர்: அமெரிக்க ஆயுதப் படைகளில் நான்கு நட்சத்திர ஜெனரலான முதல் கறுப்பினத்தவர் டேனியல் 'சாப்பி' ஜேம்ஸ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஆலிஸ் கோச்மன், இசையமைப்பாளர் வில்லியம் டாசன், லயனல் ரிச்சியும் 'கமடோர்ஸ்' குழுவும். டாசன் இங்கேயே திரும்பி வந்து பாடகர் குழுவை நடத்தினார். அந்தக் குழு இன்றும் உண்டு. வளாகத்தில் அவர்கள் பாடும் நாள் அமைந்தால் பயணத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை மேகன் கவுண்டியில் 600 கறுப்பின ஆண்களை வைத்து நடத்திய, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றிய ஆய்வுக்கும் டஸ்கீகி பெயரே ஒட்டிக்கொண்டது. 399 பேருக்கு நோய் இருந்தது. பென்சிலின் வந்த பிறகும் மருந்து தரவில்லை. கல்லூரியின் மருத்துவமனையும் அதற்குப் பயன்பட்டது என்பதை மறைக்க முடியாது. ஆனால் ஆய்வை நடத்தியது அரசு. இதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் ஊருக்குள் இருக்கும் டஸ்கீகி வரலாற்று மையத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் கறுப்பின விமானப் படை வீரர்களான 'டஸ்கீகி ஏர்மென்' நினைவிடத்தைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான்: அது வளாகத்தில் இல்லை. சில மைல் தள்ளி மோட்டன் ஃபீல்டில், தனிப் பூங்கா அலகாக இருக்கிறது. வரைபடச் செயலியில் இரண்டு பெயர்களும் ஒன்றுபோலத் தெரியும். வளாகத்துக்கு 'இன்ஸ்டிட்யூட்', நினைவிடத்துக்கு 'ஏர்மென்' என்ற சொல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சொந்த வண்டி இல்லாமல் இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது கடினம். அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு அலபாமா எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். திரும்பும்போது அதே மணி நேரம் போய்விடும். கோடையில் வளாகத்தைக் காலையிலேயே நடந்து முடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு மோட்டன் ஃபீல்டின் விமானக் கொட்டகைகளுக்குப் போங்கள்.