ரூட்டர் செட்டிங் மாற்ற வருகிறவர்கள்: கொஞ்சம் உஷார்

போன வாரம் தேவகோட்டையில் மாமா வீட்டுக்கு ஒரு பையன் வந்து, "ரூட்டர்ல செட்டிங் மாத்தித் தர்றேன், ஸ்பீடு ரெண்டு மடங்காயிடும்" என்று ஆயிரம் ரூபாய் கேட்டிருக்கிறான். மாமா போனிலேயே 866 எம்பிபிஎஸ் (நொடிக்கு 866 மெகாபிட்) என்று எடுத்தும் காட்டினானாம். அது போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள வேகம். வெளியிலிருந்து நெட் எவ்வளவு வருகிறது என்பது வேறு கணக்கு. மாமா சொன்னதும் எனக்கு 2003 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது கானாடுகாத்தான் வீட்டில் டயல்-அப், அதாவது போன் லைன் வழியாக டயல் செய்து வரும் நெட். கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் பெட்டியான மோடத்தில் 56கே, அதாவது நொடிக்கு 56,000 பிட், என்று போட்டிருக்கும். இணைந்தால் 26,400தான் காட்டும். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பேரன் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். ஆத்தா பக்கத்தில் நின்று, "இன்னும் நெத்திதானா?" என்பார்.

காரைக்குடியிலிருந்து ஒரு கடைக்காரரை வரவழைத்தோம். மோடம் செட்டிங்கில் எதையோ தட்டினார், மறுபடி டயல் செய்தார். திரை மூலையில் 1,15,200! "பாத்தீங்களாண்ணே, நாலு மடங்கு." 750 ரூபாய். அன்று ராத்திரியும் அதே படத்துக்கு அதே மூன்று நிமிடம். ஆத்தாவுக்கு அதே நெற்றி.

அவர் செய்தது இவ்வளவுதான்: கூடுதல் கட்டளைப் பெட்டியில் ஏடி டபிள்யூ பூஜ்யம் என்று போட்டிருந்தார். எங்கள் மோடத்தில் அதைப் போட்டால், போன் லைனின் வேகத்துக்குப் பதிலாக கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம் திரையில் வரும். 56கே மோடம் லைனில் 56,000-ஐத் தாண்டவே தாண்டாது. இது தெரியாமல் நானும் பெருமையாக நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கோளாறு வீட்டுக்குள்தான் இருந்தது. செட்டிநாட்டு வீடு தெரியுமே, முகப்பில் இறங்கிய லைன் வளவை (நடு முற்றத்தை)த் தாண்டி இரண்டாம் கட்டு வரை ஓடியது. வழியில் அதே லைனில் இரண்டு பேரலல் போன், மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். ஒன்றைப் பிரித்தால் செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. லைன்மேன் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரை முகப்புக்குத் தூக்கிட்டு வாங்க" என்றார். கட்டளையை அழித்துவிட்டு அங்கே போட்டோம்: 44,000. காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

மாமாவிடம் ஒன்றுதான் சொன்னேன். பெரிய ஃபைல் ஒன்றை, அவன் கை வைப்பதற்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை இறக்கி, கடிகாரத்தில் பாருங்கள், காசு அப்புறம். இதைக் கேட்டதும் சார்ஜர் எடுத்துவருகிறேன் என்று போன பையன் இன்னும் வரவில்லையாம்.